வெறிநாய்க்கடியை வென்ற மேதை லூயி பாஸ்டர்

வெறிநாய் கடித்து நோய் வந்துவிட்டால் சாவு நிச்சயம். இது அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் தெரிந்த உண்மை. கடிபட்ட இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவார்கள். அதற்கு மேல் செய்வதற்கு யாருக்கும் எதுவும் தெரியாது.

கடிபட்டவரைச் சாவு நெருங்கும் முன்பே தடுத்து நிறுத்த முடியும் என்று காட்டியவர் ஒரு ரசாயனப் பேராசிரியர். அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. அதைச் செய்தபோது அவருக்கு வயது 62. பக்கவாதத்தால் அவருடைய இடது கை சரியாக இயங்கவில்லை. இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

அவர்தான் லூயி பாஸ்டர்.

தோல் பதனிடுபவர் மகன்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் ஜூரா மலைப் பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள டோல் என்ற சிற்றூரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தந்தை நெப்போலியன் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். பிறகு தோல் பதனிடும் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பாஸ்டர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடியேறியது. வீடும் தோல் ஊறும் தொட்டிகளும் ஒரே இடத்தில் இருந்தன. தோல் நாற்றத்தின் நடுவிலேதான் சிறுவன் வளர்ந்தான்.

1831-ம் ஆண்டு, அவனுக்கு 8 வயது இருக்கும்போது, அந்த வட்டாரத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு வந்து, செக்கச் செவேல் என்று காய்ந்த இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அப்படியும் பலர் துடிதுடித்து இறந்தார்கள். சிறுவன் பாஸ்டர் அந்தக் காட்சியைப் பார்த்தான். அந்த அலறலை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

ஊர் ஏக்கம்

பள்ளிக்கூடத்தில் பாஸ்டர் சாதாரண மாணவன்தான். படம் வரைவதில் கெட்டிக்காரன். பெற்றோரையும் அக்கம்பக்கத்தாரையும் அச்சாக வரைந்து விடுவான்.

15 வயதில் மேல்படிப்புக்காகப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார்கள். புது ஊர், புது முகங்கள். சில வாரங்கள்கூட அவனால் அங்கு இருக்க முடியவில்லை. வீட்டு நினைவு வாட்டியது. அந்தத் தோல் நாற்றம்கூடக் கிடைக்காதா என்று ஏங்கினான். தந்தை நேரில் வந்து அவனை அழைத்துப் போய்விட்டார்.

ஆனால் பாஸ்டர் படிப்பை விடவில்லை. பக்கத்து நகரமான பெசான்சோனில் படித்துத் தேறினார். 1843-ம் ஆண்டு மீண்டும் பாரிசுக்கு வந்து, புகழ்பெற்ற எகோல் நார்மல் கல்லூரியில் சேர்ந்தார். இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

திருமணம்

ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியர் வேலை கிடைத்தது. 1849-ல் அங்குள்ள கல்வி அதிகாரியின் மகள் மரீ லோரானை மணந்தார்.

கணவருடைய ஆராய்ச்சியே மரீயின் வாழ்க்கையும் ஆயிற்று. அவர் சொல்லச் சொல்ல இரவு நேரங்களில் குறிப்பு எழுதுவார். பட்டுப்புழு வளர்த்துக் கொடுப்பார்.

அவர்களுக்கு 5 குழந்தைகள். அதில் 3 பெண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்து விட்டார்கள். இருவரைப் பறித்தது டைபாய்டு காய்ச்சல். தொற்று நோய்களோடு பாஸ்டர் நடத்திய போராட்டத்துக்குப் பின்னால் இந்தப் பெரும் துக்கமும் இருந்தது.

பாலில் வாழும் பெயர்

சாராயம் புளித்துப் போவது ஏன் என்று ஆலைக்காரர்கள் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்று பாஸ்டர் காட்டினார். திராட்சை மதுவை இளஞ்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் அதைக் கெடுக்கும் கிருமிகள் மடியும், சுவையும் கெடாது என்று கண்டுபிடித்தார். பின்னால் அந்த முறை பாலுக்கும் வந்தது. பால் பாக்கெட்டில் பாஸ்டரைஸ் செய்யப்பட்டது என்று அச்சிட்டிருப்பது இவருடைய பெயரைத்தான்.

பட்டுப்புழுக்களுக்கு வந்த கொள்ளை நோய்க்கும் வழி கண்டார். ஆயிரக்கணக்கான பட்டு விவசாயிகள் பிழைத்தார்கள்.

மூளையில் விழுந்த அடி

பட்டுப்புழு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம். 1868-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. உடம்பின் இடது பக்கம் அடியோடு செயலிழந்தது. அப்போது வயது 45.

பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவருக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வேலையும் நின்றது. பாஸ்டரோ, ஒரு வாரத்திலேயே படுக்கையில் இருந்தபடி ஆராய்ச்சிக் கட்டுரை சொல்லி எழுத வைத்தார். சில மாதங்களில் பட்டுப்புழுப் பண்ணைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். கோழிக் காலரா, ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி கண்டது எல்லாம் இந்தக் காலத்தில்தான். நோய்க் கிருமியின் வீரியத்தைக் குறைத்து, அதையே ஊசியாகப் போட்டால் உடம்பு எதிர்ப்புச் சக்தி பெறும் என்பதே அவர் கண்ட ரகசியம்.

வெறிநோய் ஆராய்ச்சி

1880-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பாஸ்டர் வெறிநோயைக் கையில் எடுத்தார்.

அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை காலராவோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அதைப்போல் மனிதனை நடுங்க வைத்த நோய் வேறு இல்லை. தாகம் வாட்டும். தண்ணீரை வாயருகில் கொண்டுபோனதும் தொண்டைத் தசைகள் இறுகி வலிக்கும். தண்ணீரைக் கண்டாலே நோயாளி நடுங்குவார். காற்று முகத்தில் பட்டாலும் வலிப்பு வரும். இடையிடையே முழு நினைவும் திரும்பும். தனக்கு என்ன நேர்கிறது என்று அவருக்கே தெரியும். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும்.

வெறிநாயின் எச்சிலில் விஷம் இருப்பது தெரிந்த விஷயம். வெறிபிடித்த நாயைக் கட்டிப் பிடித்து, அதன் வாயில் இருந்து கண்ணாடிக் குழாயால் எச்சிலைச் சேகரித்தார்கள். கொஞ்சம் தவறினால் உயிர் போகும் வேலை. ஆனால் எச்சிலை ஊசி போட்ட நாய்களில் சிலவற்றுக்கு நோய் வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. வந்தாலும் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆயின.

பாஸ்டர் யோசித்தார். வெறி, வலிப்பு, பக்கவாதம் எல்லாமே மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட அறிகுறிகள். அப்படியானால் விஷத்தின் இருப்பிடம் மூளையாகத்தானே இருக்கவேண்டும்?

மண்டையைத் துளைத்த ரூ

பாஸ்டரின் உதவியாளர் டாக்டர் எமில் ரூ. நோய்கண்ட நாயின் மூளைத் துணுக்கை எடுத்து, ஆரோக்கியமான நாயின் மண்டையில் சிறு துளை போட்டு, மூளையின் மேலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார் அவர்.

பாஸ்டருக்கு மனம் வரவில்லை. மிருகங்கள் துன்பப்படுவதை அவரால் பார்க்க முடியாது. ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, ரூ அந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷனை முடித்துவிட்டார். மறுநாள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பாஸ்டருக்கு நிம்மதி.

இரண்டு வாரத்தில் அந்த நாய்க்கு வெறி பிடித்தது. மூளையில் இருந்து மூளைக்கு வைத்தால் நோய் தவறாமல் வருகிறது, சீக்கிரமும் வருகிறது என்பது நிரூபணம் ஆயிற்று.

பிறகு முயல் ஒன்றின் மூளையில் இருந்து அடுத்த முயலுக்கு என்று மாற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் சரியாக 7-வது நாளில் நோய் வரும் நிலை ஏற்பட்டது.

அவர் காணாத எதிரி

இத்தனை செய்த பாஸ்டர், அந்தக் கிருமியைக் கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை. எவ்வளவோ தேடியும் அவருடைய மைக்ராஸ்கோப்பில் அது தெரியவில்லை. காரணம், அது வைரஸ். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவுக்குச் சிறியது. 1960-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான், துப்பாக்கிக் குண்டு போன்ற அதன் உருவம் தெரிந்தது.

பாஸ்டர் ஊகித்த பாதை சரிதான் என்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

நாய் கடித்ததும் எச்சிலோடு வைரஸ் தசைக்குள் இறங்குகிறது. அங்கே சில நாளோ சில வாரமோ தங்குவது உண்டு. பிறகு தசையைத் தொடும் நரம்பு முனையில் ஒட்டி உள்ளே நுழைகிறது. நரம்புக்குள் சரக்குகளை அங்கும் இங்கும் கொண்டுபோகும் ஏற்பாடு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. அந்தச் சரக்கு வண்டியில் வைரஸ் டிக்கெட் இல்லாத பயணியாக ஏறிக்கொள்கிறது. ஒரு நாளில் சில சென்டிமீட்டர் தூரம் என்று முதுகுத்தண்டை நோக்கிப் போகிறது. அங்கிருந்து மூளை.

இதனால்தான் காலில் கடித்தால் நோய் வர நாள் ஆகிறது. முகத்திலும் தலையிலும் கடித்தால் சீக்கிரம் வருகிறது.

மூளைக்குள் நடப்பது

வைரஸ் தானாகப் பெருக முடியாது. மூளைச் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப்போல் ஆயிரக்கணக்கில் செய்துகொள்கிறது. பிறகு அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. அதன்பின் நரம்புகள் வழியாகவே கீழே இறங்கி, எச்சில் சுரப்பிகளை அடைகிறது. வெறிநாயின் எச்சிலில் விஷம் சேருவது இப்படித்தான்.

மூளை சும்மா இருக்குமா? இருக்காது. வைரஸ் நுழைந்த செல், பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் ஒரு ரசாயனத்தை வெளியிடும். மூளைக்கென்று உள்ள காவல் செல்கள் விழித்துக்கொள்ளும். ரத்தத்தில் இருந்து வெள்ளை அணுக்கள் உதவிக்கு வரும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களில் இந்தப் போர் மும்முரமாக நடக்கிறது. அந்தப் போரினாலேயே மூளை வீங்கிச் சேதம் அடைவதும் உண்டு.

வெறிநோய் வைரஸ் தந்திரக்காரன். அந்த எச்சரிக்கைச் செய்தியையே அது அடக்கிவிடுகிறது. உதவிக்கு வரும் வெள்ளை அணுக்களைச் சாகவைக்கிறது. குடியிருக்கும் செல்லைச் சீக்கிரம் கொல்லாமல் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. ஆகவே இறந்தவரின் மூளையைச் சோதித்தால், நோயின் கொடுமைக்கு ஏற்ற பெரிய சேதம் தெரிவது இல்லை. வீடு இடியவில்லை, உள்ளே வேலைதான் நின்றுபோகிறது. மூச்சையும் இதயத்தையும் நடத்தும் நரம்பு மையங்கள் தடுமாறி, உயிர் போகிறது.

வைரஸ் மூளையைப் பிடித்தபின் மருந்து பலிப்பது இல்லை. பிடிக்கும் முன்பே உடம்பு தயாராகிவிட்டால் பிழைக்கலாம். கடிக்கும் நோய்க்கும் நடுவில் கிடைக்கும் அந்த இடைவெளியைத்தான் பாஸ்டர் பயன்படுத்தினார்.

9 வயதுச் சிறுவன்

நோயால் இறந்த முயலின் முதுகுத்தண்டு நரம்பைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, ஈரம் இல்லாத காற்றில் உலரவைத்தார்கள். நாள் ஆக ஆக விஷத்தின் வீரியம் குறைந்தது. இரண்டு வாரம் உலர்ந்தது தீங்கு செய்யவில்லை. முதலில் அதை ஊசி போட்டு, படிப்படியாகப் புதியதற்கு வந்தபோது நாய்கள் வெறிநோயைத் தாங்கி நின்றன.

மனிதனுக்குப் போடலாமா? பாஸ்டர் தயங்கினார்.

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அல்சேஸ் பகுதியில் இருந்து ஒரு தாய் தன் மகனுடன் பாரிசுக்கு வந்தாள். மகன் பெயர் ஜோசப் மைஸ்டர். வயது 9. இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் கடித்ததில் கையிலும் தொடையிலும் காலிலுமாக 14 காயங்கள். நடக்கவே முடியவில்லை.

பாஸ்டர் இரண்டு டாக்டர்களிடம் யோசனை கேட்டார். ஊசி போடாவிட்டால் சிறுவன் பிழைப்பது கடினம் என்றே இருவரும் கருதினார்கள். பாஸ்டர் டாக்டர் அல்ல என்பதால் அவர் கையால் ஊசி போட சட்டம் இடம் தராது. டாக்டர் கிராஞ்சே அன்று இரவே முதல் ஊசியைப் போட்டார். ஜூலை 16-ந் தேதி வரை 13 ஊசிகள். கடைசி ஊசி முழு வீரியம் உள்ளது.

அந்த நாட்களில் பாஸ்டருக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் சிறுவன் வலிப்பு வந்து துடிப்பது போல் தோன்றியது. சிறுவனோ, ஆராய்ச்சிக்கூடத்து முயல்களோடும் கினிப் பன்றிகளோடும் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு நோய் வரவே இல்லை.

பாராட்டும் பழியும்

அக்டோபர் மாதம், சிறு பிள்ளைகளைக் காப்பாற்ற வெறிநாயோடு கட்டிப் புரண்டு கடிபட்ட 15 வயது ஆட்டிடையன் ஜூப்பியும் பிழைத்தான். செய்தி உலகம் எங்கும் பரவியது. ரஷியாவில் இருந்து, வெறி ஓநாய் கடித்த 19 பேர் பாரிசுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

தோல்வியும் இருந்தது. 1885 நவம்பரில் 10 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டு வந்தார்கள். தலையில் கடி. கடித்து 37 நாட்கள் ஆகிவிட்டன. பலன் இருக்காது என்று பாஸ்டருக்குத் தெரியும். குழந்தை இறந்தால் பழி தன் மேல் விழும் என்பதும் தெரியும். ஆனாலும் பெற்றோரைத் திருப்பி அனுப்ப மனம் இல்லை. சிறுமி இறந்தபோது படுக்கை அருகில் இருந்த பாஸ்டர் கண்ணீர் விட்டு அழுதார். எதிரிகள் அவரைக் கொலைகாரர் என்றே தூற்றினார்கள்.

அவர் மீது குறையே சொல்ல முடியாது என்பதும் இல்லை. அவருடைய குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது சில உண்மைகள் வெளிவந்தன. மைஸ்டருக்கு முன்பே இரண்டு நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்ததை அவர் வெளியிடவில்லை. அவர்களில் நோய் முற்றிய நிலையில் வந்த ஒரு சிறுமி இறந்திருக்கிறாள். மைஸ்டருக்குப் போட்ட அதே முறையில், வெளியே சொன்ன அளவுக்கு நாய்களிடம் சோதனை முடிந்திருக்கவும் இல்லை. நெருங்கிய உதவியாளரான ரூகூட அவசரம் என்று கருதி, மைஸ்டர் சிகிச்சையில் சேராமல் ஒதுங்கியே நின்றார். பலன் நல்லதாக முடிந்தது. ஆனால் பாஸ்டர் அன்று எடுத்தது பெரிய துணிச்சல்.

இங்கிலாந்து அரசு நியமித்த குழு தனியாகச் சோதித்துப் பார்த்து, 1887-ல் அவருடைய முறை சரி என்று அறிக்கை கொடுத்தது.

இந்தியாவுக்கு வந்த ஊசி

உலகெங்கும் இருந்து ஏழையும் பணக்காரரும் கொடுத்த நன்கொடையில், பாரிசில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் 1888-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி திறக்கப்பட்டது. மீண்டும் தாக்கிய நோயால் பாஸ்டருக்குப் பேச்சு தடுமாறியது. அவருடைய உரையை மகன்தான் படித்தார்.

அங்கே பணியாற்றிய ஹாப்கின் என்பவரே பின்னர் இந்தியாவுக்கு வந்து, காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி போட்டார். மும்பை பரேலில் உள்ள ஹாப்கின் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெறிநாய்க்கடிக்கு இந்தியாவில் முதல் நிலையம் 1900-ல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் ரெயிலில் போகவேண்டும். போய்ச் சேருவதற்குள் பொன்னான நாட்கள் வீணாகும். 1902-ல் தென்னாட்டில் ஓர் ஆங்கிலப் பெண் இந்த நோயால் இறந்ததைத் தொடர்ந்து முயற்சி நடந்து, 1907-ல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் தோன்றியது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்வது, கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய மருந்தை. அது ஆட்டு மூளையில் இருந்து செய்யப்பட்டது. அதனால் மிகச் சிலருக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. ஊசியில் இருந்த மூளைப் பொருளை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு, தன் சொந்த மூளையையும் நரம்பையும் தாக்கிப் பக்கவாதம் உண்டாக்கியது. பிறகு மூளைப் பொருள் கலவாத புது ஊசிகள் வந்தன. பழைய மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-ம் ஆண்டு இறுதியில் கைவிட்டது.

மறைவு

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, பாரிசுக்கு அருகில் வில்நெவ் லெத்தாங் என்ற இடத்தில் பாஸ்டர் காலமானார். அங்கேதான் அவருடைய சோதனை நாய்களின் கொட்டடி இருந்தது. அவர் உடல் பாஸ்டர் நிலையத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. சிறுவன் ஜோசப் மைஸ்டர் வளர்ந்து, அதே நிலையத்தில் வாயில் காவலராக வேலை பார்த்தார். 1940-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ந் தேதி உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அப்படியும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மருந்து இல்லாததால் அல்ல. மருந்து நேரத்தில் போய்ச் சேராததால்.

இன்று வயிற்றில் 14 ஊசி கிடையாது. கையில் 4 அல்லது 5 ஊசி போதும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுகிறார்கள். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் தடவக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரத்தக் காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் தனி ஊசியும் வேண்டும். வலி குறைந்துவிட்டது, ஒருநாள் கூலி போகுமே என்று பாக்கி ஊசிகளை விட்டுவிடக்கூடாது. நரம்பு வழியே புறப்பட்ட வைரஸ் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் ஊசி வேலை செய்தாக வேண்டும்.